எட்டு தடவை கைமாறிய ஆட்டக்காரர்

ஆஸ்திரேலியாவில் ஒரு கால்பந்து ஆடுகிறார்கள். பேர்தான் கால்பந்து, கால் மட்டும் போதாது. பந்தைக் கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், முன்னால் நிற்பவன் முதுகில் முழங்காலை ஊன்றி எகிறியும் பறிக்கலாம். நடுவர் கைதட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இதைவிடச் சுவாரசியமான ஆட்டம் சீசன் முடிந்ததும் அக்டோபரில் ஆரம்பிக்கும். அது டிரேடு காலம். உன் ஆளைக் கொடு, என் ஆளை எடுத்துக்கொள், குறைகிறதென்றால் டிராஃப்ட்டில் என் முறையையும் சேர்த்துத் தருகிறேன் என்று கிளப்புகள் பேரம் பேசும். டிராஃப்ட் என்பது பள்ளிக்கூடம் முடித்த பையன்களை வரிசைப்படுத்திப் பொறுக்குவது. போன சீசனில் கடைசியில் வந்த கிளப்புக்கு முதல் பொறுக்கு. தோற்றவனுக்கு முதல் பந்தி என்பது ஒரு தனி தர்மம்.

மெல்பர்னில் ரான் பராசி என்றொரு ஆட்டக்காரர் இருந்தார். அவருடைய அப்பா மெல்பர்ன் கிளப்புக்கு ஆடியவர். 1941-ல் டோப்ரூக் போர்முனையில் இறந்துபோனார். மகனை வேறு கிளப் கொத்திக்கொண்டு போகக் கூடாதென்று, அப்பா ஆடிய கிளப்புக்கே பிள்ளையும் ஆடலாம் என்ற விதியின்படி மெல்பர்ன் அவரை எடுத்துக்கொண்டது. பராசி ஆறு கோப்பைகளில் ஆடினார். 1964 சீசன் முடிந்த கையோடு கார்ல்டன் கிளப் கூப்பிட்டது, போய்விட்டார். ஊரே துரோகி என்று அலறியது. அதே ஊரில் 1982-ல் சவுத் மெல்பர்ன் என்ற கிளப்பையே பெயர்த்தெடுத்துச் சிட்னிக்கு அனுப்பினார்கள். 1996-ல் ஃபிட்ஸ்ராய் என்ற நூறாண்டு கடந்த கிளப்பைப் பிரிஸ்பேனோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். ஆட்டக்காரன் கிளப் மாறினால் துரோகம்; கிளப்பே ஊர் மாறினால் அது நிர்வாக முடிவு.

பாண்டிக்காரருக்கு இந்த நியாயம் புதிதில்லை. மெல்பர்ன் நகரம் பிறந்ததே 1835-ல். அதற்குள் புதுச்சேரி எட்டு தடவை டிரேடு ஆகி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம்: ஒப்பந்தத்தில் இருக்கிற ஆட்டக்காரர் சம்மதம் சொல்லாமல் அவரை அனுப்ப முடியாது என்று ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம் உண்டு. பாண்டிக்கு அந்த வழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் ஒப்பந்தம் 1674-ல். பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமைப் பிடித்து, டச்சுக்காரர்களிடமும் கோல்கொண்டாக்காரர்களிடமும் உதைபட்டு, போக்கிடம் தேடிக்கொண்டிருந்த நேரம். பிஜப்பூர் சுல்தானுக்காக இந்தப் பக்கத்தை ஆண்ட ஷேர்கான் லோடி, இந்தா இங்கே இரு என்று கடலோரத்தில் ஒரு கிராமத்தைக் காட்டினார். பிரான்சுவா மர்த்தேன் என்ற கம்பெனி ஆள் வந்து கடை விரித்தார். மூன்று வருஷம்கூட நிம்மதி இல்லை. 1677-ல் சிவாஜி வந்து ஷேர்கான் லோடியை விரட்டிவிட்டார். மர்த்தேன் அசரவில்லை, முதலாளி மாறினால் கும்பிடும் திசை மாறும், அவ்வளவுதானே. சிவாஜிக்கு ஆள் அனுப்பி, காணிக்கை வைத்து, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்.

முதல் டிரேடுக்குக் காரணமானவர் சிவாஜியின் பிள்ளை ராஜாராம். பாவம், அவர் செஞ்சிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே முகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகை போட்டிருந்தது. முற்றுகைக்குள் இருப்பவருக்குப் பணம் வேண்டும். டச்சுக்காரர்களிடம் பணம் இருந்தது. புதுச்சேரி உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1693-ல் டச்சுக் கப்பல்கள் சாரை சாரையாக வந்து நின்றன. மர்த்தேனிடம் இருந்த ஆட்களை வைத்து ஒரு கல்யாணப் பந்தி பரிமாறலாம், யுத்தம் பண்ண முடியாது. சரணடைந்தார்.

டச்சுக்காரர்கள் ஆறு வருஷம் இருந்தார்கள். சும்மா இருக்கவில்லை, நூல் பிடித்தாற்போல நேர்நேர் தெருக்களாக ஊருக்கு வரைபடம் போட்டார்கள். இன்று ஒயிட் டவுனில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் பிரெஞ்சு அழகு என்று மயங்குவது பெரும்பாலும் டச்சுக்காரன் போட்ட கோட்டுக்குத்தான். 1697-ல் ஐரோப்பாவில் ரிஸ்விக் என்ற இடத்தில் சமாதானம் பேசி, பிரான்சுக்கே பாண்டியைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவானது. கோட்டைக்கு இவ்வளவு செலவு பண்ணியிருக்கிறோம் என்று டச்சுக்காரர்கள் பில்லை நீட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டினார்கள். 1699-ல் அதே மர்த்தேன் திரும்பி வந்தார். ஓசியில் நகரத் திட்டம் போட்டுக்கொடுத்த கிளப் சரித்திரத்தில் டச்சுக்காரர்கள் மட்டும்தான்.

இந்தக் காலத்து டிரேடு நிபுணர்களே மூக்கில் விரல் வைக்கும் பேரம் ஒன்று உண்டு. அதில் கைமாறியது பக்கத்து ஊர், சென்னப்பட்டணம்.

1746-ல் லபூர்தொன்னே என்ற கப்பற்படைத் தளபதி வந்து சென்னையைப் பிடித்தார். பிடித்த கையோடு, பதினொரு லட்சம் வராகன் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று இங்கிலீஷ்காரர்களிடம் பேசி முடித்தார். பாண்டியில் கவர்னராக இருந்த துய்ப்ளெக்ஸுக்கு இதைக் கேட்டதும் ரத்தம் கொதித்தது. அவருக்கு வேண்டியது பணமில்லை, ஊர். இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் கடிதத்திலேயே கட்டிப்புரண்டார்கள். அக்டோபரில் வழக்கம்போல் புயல் வந்து லபூர்தொன்னேயின் கப்பல்களைச் சிதறடித்து, வாதத்தை முடித்துவைத்தது. அவர் போனார், துய்ப்ளெக்ஸ் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுச் சென்னையை வைத்துக்கொண்டார். கோப்பை வாங்கிக் கொடுத்த லபூர்தொன்னேவுக்குப் பாரிஸில் கிடைத்த வரவேற்பு, பஸ்தீய் சிறை. பிறகு குற்றமில்லை என்று விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார்.

ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனிடம், சென்னையைப் பிடித்து உங்களுக்கே தருகிறேன் என்று துய்ப்ளெக்ஸ் ஏற்கெனவே ஆசை காட்டியிருந்தார். நவாப் வந்து கேட்டார். துய்ப்ளெக்ஸுக்கு ஞாபக மறதி. நவாபின் பெரும்படை அடையாற்றங்கரைக்கு வந்தது. எதிரே வந்தவர் பரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், கையில் சிறு படை. ஆற்றில் இறங்கி அடித்தார்கள், நவாபின் படை ஓடிற்று. வரிசையாய் நின்று சுடத் தெரிந்த சில நூறு பேர் ஆயிரக்கணக்கானவர்களைத் துரத்தலாம் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. இந்த அமளியில் சென்னையிலிருந்து வேஷம் மாற்றிக்கொண்டு கடலூர்ப் பக்கம் தப்பி ஓடியவர்களில் ஒரு குமாஸ்தாப் பையனும் இருந்தான். எந்த டிராஃப்ட்டிலும் எவரும் பொறுக்காத பையன். பேர் ராபர்ட் கிளைவ்.

பாண்டிக்காரர்களும் நல்ல ஃபார்மில்தான் இருந்தார்கள். 1748-ல் இங்கிலீஷ் அட்மிரல் போஸ்கவன் பெரும் கப்பற்படையோடு வந்து பாண்டியை முற்றுகையிட்டார். அரியாங்குப்பத்தில் அவர்களுடைய பெரிய தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸே பிடிபட்டார். மழைக்காலம் வந்தது. போஸ்கவன் மூட்டை கட்டினார்.

இவ்வளவு ஆடி ஜெயித்த பிறகு என்ன நடந்தது? ஐரோப்பாவில் சண்டை நடந்ததே வேறு விஷயத்துக்கு. வியன்னாவில் மரியா தெரசா என்ற பெண் அரியணையில் உட்காரலாமா கூடாதா என்பதுதான் தகராறு. 1748-ல் ஏக்ஸ்-லா-ஷப்பேல் என்ற ஊரில் சமாதானம் பேசினார்கள். கனடாவில் கேப் பிரெட்டன் தீவில் லூயிபர்க் என்று ஒரு பிரெஞ்சுக் கோட்டை; அதை இங்கிலீஷ்காரர்கள் 1745-ல் பிடித்திருந்தார்கள். பனியும் மீனும் தவிர ஏதுமில்லாத இடம். ஆனால் அந்த மீனில்தான் பணம். லூயிபர்க்கைக் கொடு, சென்னையை எடுத்துக்கொள் என்று பேரம் படிந்தது. ஒருத்தன் உறைபனியில் காட் மீன் பிடிக்க, இன்னொருத்தன் கத்திரி வெயிலில் துணி வாங்க, இரண்டு ஊரையும் பார்க்காத நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1749-ல் சென்னை இங்கிலீஷ்காரர் கைக்குப் போனது. திருவல்லிக்கேணிக்காரர் யாராவது கேப் பிரெட்டன் போனால் மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம். நம் ஊருக்கு ஈடாக நின்ற ஊர் அது.

இந்தக் கூத்துகளையெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளெக்ஸின் தலைமை துபாஷ். இன்றைய பாஷையில் ஏஜென்ட். கவர்னருக்கும் நவாபுக்கும், கம்பெனிக்கும் நெசவாளருக்கும் நடுவில் நின்று பேசி, இரண்டு பக்கமும் மரியாதையும் வருமானமும் பார்த்தவர். 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். யார் யாருக்கு என்ன வெகுமதி அனுப்பினார்கள், எத்தனை பீரங்கி வெடித்து மரியாதை செய்தார்கள், துரை என்ன முகத்தோடு இருந்தார், துரையின் மனைவி எதில் தலையிட்டாள், எல்லாம் அதில் இருக்கிறது. ஏஜென்ட்டுகள் வாயைத் திறந்தால் எந்த கிளப்புக்கும் மானம் மிஞ்சாது என்பதற்கு முதல் ஆதாரம் அந்த நாட்குறிப்பு.

துய்ப்ளெக்ஸ் கடைசி வரை பிரான்சுக்காகவே ஆடினார். கம்பெனி பணம் போதாதபோது சொந்தப் பணத்தையும் போட்டார். கம்பெனிக்கோ திருச்சியில் தோல்வி, புத்தகத்தில் நஷ்டம். 1754-ல் கொதெயு என்பவர் கப்பலில் வந்து இறங்கி, நீங்கள் போகலாம் என்றார். பயிற்சியாளர் மாற்றம் இவ்வளவு அமைதியாக அப்புறம் எங்கும் நடக்கவில்லை. துய்ப்ளெக்ஸ் பாரிஸுக்குப் போய், எனக்கு வர வேண்டிய பாக்கி எங்கே என்று கம்பெனி வாசலில் வருஷக்கணக்கில் நின்றார். 1763-ல் வறுமையில் செத்தார். அவருக்குப் பாண்டியில் சிலை வைத்தார்கள், 1870-ல். பாக்கியைக் கொடுக்காமல் சிலையைக் கொடுப்பது கிளப்புகளின் பழைய பழக்கம்.

அடுத்து வந்தவர் லாலி. முழுப் பெயர் தோமா ஆர்தர் தெ லாலி-தொலாந்தால். அப்பா ஐரிஷ்காரர், இங்கிலாந்தைப் பிடிக்காமல் பிரான்சுக்கு வந்தவர். லாலி பிறந்தது பிரான்சில்தான். வந்த வேகத்தில், 1758-ல், கடலூர்ப் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். அப்புறம் சென்னையை முற்றுகை போட்டார், முடியவில்லை. சம்பள பாக்கிக்காகச் சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஐயர் கூட் என்ற இங்கிலீஷ் தளபதி லாலியை அடித்து நொறுக்கினார். இங்கிலீஷ் தளபதி என்பது ஜெர்சியைப் பார்த்துச் சொன்னது. கூட் பிறந்தது அயர்லாந்தில். ஐரிஷ் ரத்தம் இரண்டு வந்தவாசியில் சந்தித்து, ஒன்று இங்கிலாந்துக்காகவும் இன்னொன்று பிரான்சுக்காகவும் சண்டை போட்டன. இந்தியா யாருக்கு என்று அதில் முடிவானது. ஊர்ப் பற்று, கிளப் பற்று என்றெல்லாம் பேசுகிறவர்கள் வந்தவாசி போய்வருவது நல்லது. கோரைப்பாயும் வாங்கி வரலாம்.

1761 ஜனவரி 16-ல் பாண்டி விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடியிருந்தார். நேரம் பார்த்துப் போகத் தெரிந்த மனிதர். செயின்ட் டேவிட் கோட்டைக்குப் பதிலடியாகப் பாண்டியின் கோட்டையையும் வெள்ளைக்காரப் பகுதியையும் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். லாலியைக் கைதியாக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பாண்டியை விற்றது லாலிதான் என்று பாரிஸில் பேச்சு கிளம்பியது. மனிதருக்கு ரோஷம். லண்டனில் சுகமாக இருக்கிறதை விட்டு, நானே வந்து பதில் சொல்கிறேன் என்று போனார். 1766-ல் தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு தப்பு என்று ரத்து செய்தார்கள். வோல்தேர் அதற்காக எழுதியது லாலியின் பேரைக் காப்பாற்றியது, தலை திரும்பவில்லை.

லாலியின் படையில் குளோத் மர்த்தேன் என்று ஒருவர் இருந்தார், லியோன் நகரத்துப் பையன். முற்றுகை நெருங்கிய 1760-ல் அவர் பிரெஞ்சுப் படையை விட்டு இங்கிலீஷ் பக்கம் போய்விட்டார். இங்கிலீஷ் கம்பெனியில் மேஜர் ஜெனரல் ஆனார். லக்னோ நவாபுகளோடு வியாபாரம் செய்து கோடீஸ்வரர் ஆனார். அவர் விட்டுப்போன சொத்தில் லக்னோ, கல்கத்தா, லியோன் மூன்று ஊரிலும் லா மார்ட்டினியர் பள்ளிக்கூடங்கள் இன்றும் நடக்கின்றன. கிளப்புக்கு உண்மையாக இருந்தவருக்கு ஒரு வெட்டுக்கத்தி, மாறிப்போனவருக்கு மூன்று பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு ஒழுக்க வகுப்பில் இதை எப்படி விளக்குகிறார்களோ தெரியாது.

எல்லாரும் கணக்காக மாறுவதில்லை. ராமநாதபுரத்துப் பனையூர்க்காரர் யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று கொண்டாடும் ஆள், இங்கிலீஷ்காரர்களுக்காகச் சண்டை போட்டு மதுரையை ஆளும் அளவுக்கு வளர்ந்தார். பிறகு நவாபோடும் கம்பெனியோடும் முறுக்கிக்கொண்டு 1763-ல் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அதே வருஷம் பிரான்ஸ் பாரிஸில் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டது. கிளப் ஷட்டரை இறக்கிவிட்ட பிறகு ஜெர்சி மாட்டிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். கடைசியில் மர்ஷாந் என்ற அவருடைய பிரெஞ்சுத் தளபதியே பிடித்துக் கொடுத்தார். 1764-ல் தூக்கில் போட்டார்கள். கமல்ஹாசன் 1997-ல் அவரைப் பற்றிப் படம் எடுக்க ஆரம்பித்தார். அது இன்னும் முடியவில்லை. மருதநாயகத்துக்கு நேரம் சரியில்லாதது ஆயுளோடு நிற்கவில்லை.

மற்ற டிரேடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம், பாண்டியே கணக்கு வைப்பதை நிறுத்திவிட்ட காலம் அது. 1765-ல் திரும்ப பிரான்சுக்கு. இடிந்த ஊரைக் கட்டியவர் லா தெ லோரிஸ்தோன். ஸ்காட்லாந்துக் குடும்பத்து ஆள். அமெரிக்கர்கள் சுதந்திரம் கேட்டார்கள், பிரான்ஸ் அவர்களுக்குத் துணை போனது, அதனால் 1778-ல் இங்கிலீஷ்காரர்கள் பாண்டியைப் பிடித்தார்கள். அமெரிக்காவுக்கு விடுதலை கிடைத்ததும் 1785-ல் பாண்டி திரும்ப பிரான்சுக்கு. பாரிஸில் ராஜாவின் தலையை வெட்டினார்கள், அதனால் 1793-ல் திரும்ப இங்கிலீஷ்காரர்களுக்கு. பாஸ்டனில் தும்மினாலும் பாரிஸில் இருமினாலும் பாண்டிக்குத்தான் ஜலதோஷம்.

1802-ல் அமியான் உடன்படிக்கைப்படி பாண்டி பிரான்சுக்கு என்றார்கள். புதிய கவர்னர் தெக்கேன் 1803-ல் கப்பலில் வந்து சேர்ந்தார். மைதானத்துக்குப் பூட்டு. இங்கிலீஷ்காரர்கள் சாவியைத் தரவில்லை. ஐரோப்பாவில் மறுபடி சண்டை மூளும் வாசனை. தெக்கேன் ராவோடு ராவாக மொரீஷியஸுக்குக் கப்பலைத் திருப்பினார். முன்னாடியே இறங்கியிருந்த அவருடைய சிப்பாய்கள் கைதிகளானார்கள். கடைசியில் நெப்போலியன் தோற்ற பிறகு 1816-ல் பாண்டி பிரான்சுக்கே வந்தது. எட்டாவது கைமாற்றம். இனி சண்டை போடும் அளவுக்குப் பெரிய ஆட்டக்காரர் இல்லை என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். தரங்கம்பாடியை அந்தக் காலத்தில் டென்மார்க்காரர்கள் நேரடியாகவே விற்றார்கள். 1845-ல், வங்கத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். பாண்டிக்கு அவ்வளவு நாகரிகமான ரசீதுகூடக் கிடைக்கவில்லை.

கிளப்புகள் ஊரைக் கைமாற்றியது போதும் என்று மனிதர்கள் தாங்களாகவே கிளப் மாற ஆரம்பித்தது இருபதாம் நூற்றாண்டில். 1908-ல் சென்னையில் போலீஸ் துரத்த, பாரதி பாண்டிக்கு வந்தார். பின்னாலேயே ‘இந்தியா’ பத்திரிகையும் வந்தது. 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தின் தேடப்படும் பட்டியல் பாண்டிக் கடற்கரையில் சாயங்காலம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் போலீஸ், இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். மாறுவேஷத்தில் வந்த உளவாளிகளைப் பாண்டிக் குழந்தைகள்கூட அடையாளம் கண்டுகொண்டார்கள். ஊரை மூன்று தடவை அடித்துப் பிடுங்கிய இங்கிலீஷ்காரனால் ஒரு கவிஞனைப் பிடுங்க முடியவில்லை. 1918-ல் பாரதி தானே எல்லை தாண்டி வந்தபோதுதான் கடலூரில் கைது செய்தான்.

1940-ல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்தது. ஜெர்மனியோடு சமாதானமாய்ப் போன பெதேன் பக்கமா, எதிர்த்து நின்ற தெ கோல் பக்கமா என்று பிரெஞ்சுக் குடியேற்றங்கள் எல்லாம் குழம்பின. பாண்டி கவர்னர் லூயி போன்வேன் செப்டம்பரிலேயே தெ கோல் பக்கம் நின்றார். நெஞ்சுரம்தான். சுற்றி நாலு பக்கமும் பிரிட்டிஷ் இந்தியா இருந்ததும் நெஞ்சுக்குக் கொஞ்சம் உரமேற்றியிருக்கும்.

ஒன்பதாவது கைமாற்றத்தில் முதல் தடவையாக ஆட்டக்காரரிடம் கேட்டார்கள். அந்தக் கதையின் நாயகர் எதுவார் குபேர். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர். 1951-ல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர். பாண்டி பிரான்சோடுதான் என்று முழங்கியவர். இந்தியாவோடு சேரச் சொன்ன சுப்பையாவின் கம்யூனிஸ்டுகளுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் சிம்மசொப்பனம். 1954 மார்ச்சில் அதே குபேர், இந்தியாவோடு இணைவோம், வாக்கெடுப்பே வேண்டாம் என்று தீர்மானம் போட வைத்தார். மாத முடிவில், சுற்றிலும் இந்திய எல்லை சூழ்ந்த நெட்டப்பாக்கத்தில் மூவண்ணக் கொடி ஏற்றித் தற்காலிக அரசு அமைத்தார். கணக்கு வழக்கு விசாரணை நெருங்கியதால் மாறினார் என்பார்கள் சிலர். காற்று எந்தப் பக்கம் என்று மூக்கு சொல்லிவிட்டது என்பார்கள் சிலர். பாரிஸுக்கு அவர் துரோகி. டில்லிக்குத் தியாகி. அதே வருஷம் அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள்: 170 இந்தியாவுக்கு, 8 எதிர்ப்பு. நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. எட்டு தடவை பீரங்கியாலும் உடன்படிக்கையாலும் தீர்ந்த விஷயம் ஒரு கிராமத்தில் ஒரே நாளில் முடிந்தது. குபேர் 1963-ல் முதலமைச்சர் ஆனார். இன்று கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் அவர் பேரில்தான்.

பாண்டி நடைமுறைக்கு இந்தியாவானாலும் சட்டப்படி ஆனது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதம் வாய்ப்பு. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் எழுதிக் கொடு. கொடுக்காவிட்டால் நீ இந்தியன். உலகத்து விளையாட்டுச் சரித்திரத்திலேயே ஆட்டக்காரன் தன் கிளப்பைத் தானே டிராஃப்ட் செய்த ஆறு மாதம் அது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பிரான்சுக்காக இந்தோசீனாவிலும் மற்ற இடங்களிலும் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்கள் நிறைய. பாண்டி அவர்களைச் சொல்தா என்று சொல்லும். பாரிஸிலிருந்து பென்ஷன் வரும். ஒரே தெருவில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன்; ஒரே அம்மாவின் மீன் குழம்பு. ஆஸ்திரேலியாக்காரர்களின் அப்பா-பிள்ளை விதிக்கு இன்று அப்பா நூறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். பாண்டியில் ஒரு கையெழுத்துப் போதும், பிள்ளையும் பேரனும் கிளப்புக்குள். அதனால்தான் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல் வந்தால் பாண்டியிலும் வாக்குப்பெட்டி வரும். பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் கல்யாணத் தரகரின் குரல் ஒரு கட்டை ஏறும்.

கிளப் மாறும் இந்தப் பயிற்சி அரசியலிலும் வீண்போகவில்லை. ஃபாரூக் மரைக்காயர் மூன்று தடவை முதலமைச்சர்: 1967-ல் காங்கிரஸ், 1969-ல் தி.மு.க., 1985-ல் மறுபடி காங்கிரஸ். 2008-ல் முதலமைச்சர் பதவியிலிருந்து காங்கிரஸ் கழற்றிவிட்ட ரங்கசாமி, 2011 பிப்ரவரியில் தன் பேரிலேயே கட்சி ஆரம்பித்தார், சின்னம் ஜக்கு. மே மாதம் முதலமைச்சர். தேர்தலில் தோள் கொடுத்த அ.தி.மு.க.வை ஆட்சியில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்ய, நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு கவிழ்ந்தது. முப்பது பேர் கொண்ட சபையில் மேலும் மூன்று பேரை மத்திய அரசே நியமிக்கலாம். டிராஃப்ட் முறையைச் சட்டத்திலேயே வைத்திருக்கும் ஊர் இது.

விளையாட்டு மைதானமும் விதிவிலக்கில்லை. பாண்டிக்கு ரஞ்சிக் கோப்பையில் சொந்த அணி கிடைத்தது 2018-ல்தான். அதற்கு முன் பாண்டிப் பையன் தமிழ்நாட்டுக்குத் தேர்வானால்தான் உண்டு. சொந்த அணி வந்ததும் முதலில் செய்த காரியம், வெளியூர் ஆட்களை இறக்கியது. மும்பையின் அபிஷேக் நாயர், ராஜஸ்தானின் பங்கஜ் சிங், அடுத்த சீசனில் கர்நாடகத்தின் வினய் குமார். உள்ளூர்ப் பையனுக்கு இடமெங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது: சுவிட்சர்லாந்துக்காரரையும் ஐரிஷ் ரத்தத்தையும் வைத்து ஆடிய ஊர், மும்பைக்காரரைப் பார்த்தா கூச்சப்படும்?

பாண்டிக்காரனுக்கு விசுவாசம் இல்லை, பென்ஷன் எங்கேயோ அங்கே என்று தமிழ்நாட்டுப் பக்கம் கேலி உண்டு. கேலி செய்கிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். எட்டு தடவை கைமாற்றியவர்கள் ராஜாக்களும் கம்பெனிகளும். ஒரு தடவைகூட ஊரைக் கேட்கவில்லை. கேட்டது கீழூரில் ஒரு தடவை, 1962-ல் ஒரு தடவை. இரண்டு தடவையும் ஊர் பதில் சொல்லியிருக்கிறது, தெளிவாக, கையெழுத்தோடு. விசுவாசத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவன் எப்போதும் விற்பனைப் பத்திரத்தைப் பையில் வைத்திருப்பவன்தான். அவனிடம் பாடம் கேட்கும் அவசியம் பாண்டிக்கு இல்லை.

பகையும் பாராட்டவில்லை. ஒருவரையொருவர் நாறடித்துக்கொண்ட லபூர்தொன்னேவுக்கும் தெரு கொடுத்தது, துய்ப்ளெக்ஸுக்கும் தெரு கொடுத்தது. தோற்ற லாலிக்கும் கொடுத்தது. துய்ப்ளெக்ஸ் வீதி இப்போது நேரு வீதி. தெருக்களும் டிரேடுக்கு உட்பட்டவைதான். ஒவ்வொரு கிளப்பிலும் இருந்தவரை நல்லதை உருவிக்கொண்டது: டச்சுக்காரனின் நேர்த்தெரு, பிரெஞ்சுக்காரனின் ரொட்டியும் பென்ஷனும், இந்தியாவின் ஓட்டு. பத்தாவது டிரேடு பேச யாராவது வந்தால் பாண்டி கோபப்படாது. உட்காரச் சொல்லி, குடிக்க ஏதாவது கொடுத்து, முதல் கேள்வியாகக் கேட்கும்: பென்ஷன் மாசம் எத்தனாம் தேதி வரும்?